விடியல் பயணம்: எந்த பஸ்ஸில் காசில்லாமல் ஏறலாம்?

"இது ஃப்ரீ பஸ்ஸாப்பா?" எந்த பேருந்து நிலையத்திலும் பத்து நிமிடம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறை எண்ணும் பாட்டியையும் பார்க்கலாம். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விடியல் பயணம் என்பது பெண்கள் காசில்லாமல் பஸ்ஸில் போகத் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மட்டும்தான் இலவசம். சென்னையில் ஒயிட் போர்டு என்போமே, அது. பல பஸ்களுக்கு முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்திருப்பதால் தூரத்திலேயே தெரிந்துவிடும். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், ஏசி, வெளியூர் பஸ், தனியார் டவுன் பஸ் எதற்கும் பொருந்தாது. வருமான வரம்பு கிடையாது, பெண்கள் அடையாள அட்டை காட்ட வேண்டியதும் இல்லை. திருநங்கைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் துணையாளர் ஒருவருக்கும் உண்டு. காசு கொடுக்க வேண்டாமே என்று டிக்கெட்டை வாங்காமல் விடாதீர்கள். கட்டணமில்லா டிக்கெட் என்று ஒன்று தருவார்கள். எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது.

2021 மே 7-ல் முதல்வராகப் பதவியேற்ற அன்றே மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட கோப்புகளில் இதுவும் ஒன்று. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. கழகங்களுக்கு ஏற்படும் வருவாய் இழப்பை அரசு மானியமாகத் தருகிறது. தொடக்கத்தில் 1,200 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி ஒதுக்கினார்கள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்குவதாக 2024-25 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

இவ்வளவு பணத்தை பஸ்ஸில் கொட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நாகப்பட்டினம், மதுரை, திருப்பூரில் மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்தபோது, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரிந்தது. வருடத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. அந்தக் காசு பெரும்பாலும் உள்ளூரிலேயே, மளிகைக் கடையிலும் காய்கறிச் சந்தையிலும்தான் செலவாகும். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய விஷயம் வேலை. ஏழாயிரம் சம்பளத்தில் ஆயிரம் பஸ்ஸுக்கே போகும் என்றால், "பக்கத்துத் தெருவில் ஐயாயிரம் கிடைத்தாலும் போதும்" என்று இருந்துவிடுவார்கள். அந்தச் செலவு இல்லாவிட்டால் இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்ப் பார்க்கலாம். கம்பெனிக்கும் ஆள் கிடைக்கும்.

ஆனால் இதெல்லாம் பஸ் வந்தால்தான். ஷிப்ட் முடிய ஒன்பது மணி, ஊருக்குக் கடைசி பஸ் எட்டரைக்கு என்றால் அந்த இலவசம் வெறும் காகிதம்தான். ஷேர் ஆட்டோக்காரருக்குத்தான் லாபம். இரவு ட்ரிப்பைக் கட் செய்துவிட்டால், பெண்களின் வேலை நேரத்தையும் சேர்த்தே வெட்டியதாகிறது. மானியத்துக்குச் சமமாகப் புது பஸ்ஸுக்கும் ஓட்டுநர், கண்டக்டர் நியமனத்துக்கும் பணம் வேண்டும் என்பது இதனால்தான்.

பெரிய பஸ் போகாத ஊர்களுக்காகப் புதிய மினி பஸ் திட்டத்தை 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கினார்கள். ஒரு வழித்தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் 65 சதவீதமாவது இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். ஓட்டுபவர்கள் தனியார் என்பதால் அதில் விடியல் பயணம் செல்லாது. ஊரிலிருந்து மெயின் ரோடு வரை மினி பஸ்ஸுக்குக் காசு, அப்புறம்தான் பிங்க் பஸ். மாதச் செலவைக் கணக்குப் போடும்போது அந்தச் சில்லறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.