முதல் குச்சி விழும்போதே கூப்பிடுங்கள்

சென்னையில் 11 வருடமாகப் பால்கனிகளுக்குப் புறா வலை கட்டுகிறேன். எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "ஊருக்குப் போயிட்டு வந்து பார்த்தா ஏசி பெட்டிக்குப் பின்னாடி புறா கூடு கட்டியிருக்கு. நாளைக்கே வர முடியுமா?" வர முடியும். ஆனால் வந்ததும் முட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். இருந்தால் டிரில் மெஷினைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டேன்.

மாடப்புறா பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். சுமார் 18 நாளில் குஞ்சு பொரிக்கும், அது பறக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். ஆக ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். குஞ்சுகள் கிளம்புவதற்குள்ளேயே தாய் அடுத்த முட்டைகளை இட்டுவிடுவது உண்டு. வேளச்சேரியில் ஒரு வீட்டுக்காரர் மூன்று தடவை இப்படியே காத்திருந்து, கடைசியில் பால்கனிப் பக்கமே போவதை விட்டுவிட்டார். முட்டை வருவதற்கு முன் என்றால் வேலை சுலபம். புறாவின் கூடு என்பது நாலு துடைப்பக் குச்சியும் ஒரு கட்டுக்கம்பித் துண்டும்தான். தினமும் எடுத்துப் போட்டுவிட்டு, அந்த வாரத்துக்குள் ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும்.

ஏன் நம் வீட்டுக்கே வருகிறது? பெயரிலேயே பதில் இருக்கிறது, மாடம். இதன் மூதாதைகள் மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்தவை. சன்ஷேடும் ஏசி ஸ்டாண்டும் பாத்ரூம் பைப்கள் இறங்கும் டக்டும் அதன் கண்ணுக்குப் பாறை இடுக்குகள்தான்.

பழைய சிடி, பளபள ரிப்பன், கழுகு பொம்மை எல்லாம் சில நாள் வேலை செய்யும், அப்புறம் பழகிவிடும். பொம்மைக் கழுகின் தலையிலேயே புறா உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அல்ட்ராசோனிக் கருவிக்குக் காசு போடாதீர்கள். நம் காதுக்குக் கேட்காத அந்த ஒலி புறாவுக்கும் கேட்காது. ஒட்டும் ஜெல் பூசச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். புறாவுக்குப் பூசியதில் குருவியும் பல்லியும் ஒட்டிக்கொண்டு சாகும்.

ஸ்பைக், அதாவது மேல்நோக்கி நிற்கும் கம்பி முள் வரிசை, குறுகிய இடத்துக்கு நல்லது: பைப், கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு, போர்டு. அகலமான சன்ஷேடில் ஒரே வரிசை அடித்துவிட்டுப் போனால் அதற்குப் பின்னால் கூடு கட்டும், ஸ்பைக் குச்சிகளைப் பிடித்துக்கொள்ள உதவும்! அங்கே ஒன்று பல வரிசை அடிக்க வேண்டும், இல்லையென்றால் அதன் மேல் ஒரு தகட்டை 45 டிகிரிக்குக் குறையாமல் சாய்த்து வைக்க வேண்டும். சறுக்கும் இடத்தில் உட்காராது.

பால்கனிக்கு வலைதான். வெயில் தாங்கும்படி தயாரித்ததா என்று கேட்டு வாங்குங்கள். மீந்துபோன மீன்வலையைக் கட்டிவிட்டு, அது இற்றுப்போய்த் தொங்கும்போது என்னைக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர். தொளதொள வலையில் புறாவின் கால் சிக்கும், அதனால் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். முக்கியமாக, ஏசி பெட்டிக்கு நேராகத் திறந்து மூடும் வாசல் வைக்கச் சொல்லுங்கள். வைக்காவிட்டால் சர்வீஸுக்கு வருபவர் வலையை வெட்டிவிட்டுப் போவார். அந்த ஓட்டை வழியாக உள்ளே போன புறாவுக்கு வெளியே வரத் தெரியாது. பூட்டிய வீடு என்றால் செத்து நாறும். இன்னொன்று, புறா வலை குழந்தைகள் விழாமல் காக்கும் கம்பி அல்ல. அதை நம்பிப் பிள்ளையைப் பால்கனியில் விடாதீர்கள்.

எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டக்டை வெறும் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு மூன்று நாள் இருமினேன். காய்ந்த எச்சத்தூளும் இறகுத்தூளும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும். வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் போகாமல் இழுத்தால் டாக்டரிடம் வீட்டில் புறா இருப்பதையும் சொல்லுங்கள், அவராகக் கேட்காமல் போகலாம். எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டு வழித்து, பையில் கட்டிப் போடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இனி மாடியில் தானியம் போடுகிறவர்கள். அண்ணா நகரில் ஒரு அம்மா, "பாவம் தம்பி, வாயில்லா ஜீவன்" என்றார். அவர் போடும் கம்புக்கு வரும் புறாக்கள் எச்சமிடுவதோ கீழ்வீட்டில், என்னைக் கூப்பிட்டதும் அவர்களே. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003இல் தீனி போடத் தடை வந்த பிறகு கூட்டம் வெகுவாகக் குறைந்தது. மும்பை தாதரில் 2025இல் தீனி போடும் இடத்தைத் தார்ப்பாயால் மூடியபோது ஜனங்கள் கூடி அதைக் கிழித்தே விட்டார்கள். ஆகவே அபார்ட்மென்ட் மீட்டிங்கில் பக்குவமாகப் பேசுங்கள். காக்கைக்குச் சோறு வைப்பவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை. பிடியளவு வைத்து, மிச்சத்தை எடுத்துவிட்டால் போதும்.

வலை கட்டிய பிறகும் அந்த ஜோடி சில நாள் எதிர்ச்சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும், திரும்பத் திரும்ப வந்து மோதும். அது வரை மூலைகளை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எங்கே சரியாக இழுத்துக் கட்டவில்லை என்பது எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும்.