நாற்பது வயது ஒலிபெருக்கி ஏன் கரகரக்கிறது?

மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிகளைப் பழைய சாமான்காரரிடம் கொடுப்பதற்கு முன், முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி ஒரு தடவை உள்ளே பாருங்கள். மட்டக்களப்பிலும் சுற்று ஊர்களிலும் நான் திறந்து பார்த்த எழுபதுகளின், எண்பதுகளின் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் காந்தம் நன்றாக இருந்தது. கம்பிச் சுருள் நன்றாக இருந்தது. காகிதக் கூம்புக்கும் குறையில்லை. கெட்டுப்போயிருந்தவை இரண்டுதான்: கூம்பின் விளிம்பைச் சுற்றி ஓடும் நுரை வளையம், உள்ளே ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பலகையில் இருக்கும் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்). முழுப் பெட்டியிலும் மிக மலிவான பாகங்கள் இவையே. இவை ஏன் கெடுகின்றன என்பது விளங்கிவிட்டால் பழுதுபார்ப்பதும் எளிதாகிவிடும், தரமுயர்த்துவதாக நினைத்துச் செய்யும் பல வேலைகள் தேவையற்றவை என்பதும் தெரிந்துவிடும்.

ஒலிபெருக்கியின் அடிப்படையைச் சாதாரண தர விஞ்ஞானத்திலேயே படித்திருக்கிறோம். காந்தப்புலத்துக்குக் குறுக்கே வைத்த கம்பியில் மின்னோட்டம் சென்றால் கம்பி தள்ளப்படும். தள்ளும் திசையைப் பிளெமிங்கின் இடக்கை விதி சொல்லும். அந்தக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, வட்டமான ஒரு காந்த இடைவெளிக்குள் தொங்கவிட்டு, சுருளோடு ஒரு கூம்பை ஒட்டினால் ஒலிபெருக்கி தயார். பாட்டின் மின்னோட்டம் எப்படி முன்னும் பின்னும் மாறுகிறதோ அப்படியே கூம்பும் முன்னும் பின்னும் அசையும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலைசெய்த செஸ்டர் றைஸ், எட்வர்ட் கெலாக் இருவரும் 1925இல் வெளியிட்ட வடிவம் இதுதான். அதே ஆண்டு டிசம்பரில்தான் கொழும்பு வானொலியும் தொடங்கியது. நூறு ஆண்டுகளாக அந்த வடிவத்தின் அடிப்படை மாறவில்லை. ஆகவே பழைய ஒலிபெருக்கி என்பது காலாவதியான இயந்திரம் அல்ல. இன்று கடையில் வாங்கும் பெட்டியும் அதே விதியில்தான் இயங்குகிறது.

கடினமான வேலை காற்றை அசைப்பதுதான். எங்கள் வாவியில் பாடுமீன் கேட்கப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நீருக்குள் எழும் ஒலி நேரே காற்றுக்குள் ஏற முயன்றால் அதன் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் தாண்டும். மற்றதெல்லாம் நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பிவிடும். அடர்த்தியான ஒன்றிலிருந்து மெல்லிய காற்றுக்கு அதிர்வைக் கைமாற்றுவது அவ்வளவு கடினம். கூம்புக்கும் இதே சிக்கல் உண்டு. வீட்டில் பயன்படும் நல்ல ஒலிபெருக்கிகளிலும் உள்ளே போகும் மின்சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்கு, பல வேளைகளில் அதற்கும் குறைவாகவே ஒலியாக வெளிவருகிறது. மீதி முழுவதும் சுருளில் வெப்பமாகிவிடும். கொண்டாட்ட வீடுகளில் அம்பிளிபையரை முழுவதும் திருகிவைத்துச் சுருளைக் கருக்கிவிடுவது இதனால்தான்.

அடுத்தது பெட்டி. கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று அழுத்தப்படும், பின்புறக் காற்று தளரும். 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடுகிறது. எனவே நொடிக்கு 50 தடவை அதிரும் ஆழமான முழக்கத்தின் அலைநீளம் ஏழு மீற்றர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலக் கூம்பின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுதான். முன்னலையும் பின்னலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி அந்தப் பின்னலையைச் சிறைபிடிக்கிறது. கூம்பின் விளிம்பு வளையமும் இதே சிறையின் ஒரு சுவர்தான். அது கிழிந்தால் ஆழமான ஒலி முதலில் போவது அதனால்தான்.

இனி நுரைக்கு வருவோம். அக்காலத்து ஒலிபெருக்கிகளின் வளையங்களில் பெரும்பாலானவை பொலியெஸ்டர் வகைப் பொலியுரேதேன் நுரையால் ஆனவை. மெதுவானது, பாரமற்றது, கூம்பைத் தாராளமாக அசையவிடும். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்தர் பிணைப்புகளை நீராவி வெட்டும். வெட்டிய இடத்தில் அமிலம் உருவாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பு வெட்டப்படுவதை விரைவுபடுத்தும். ஒரு முறை தொடங்கினால் தானே வேகம் பிடிக்கும் சிதைவு இது. ஒலிபெருக்கியை ஒரு நாளும் இயக்காமல் வைத்திருந்தாலும் நுரை சிதையும், ஏனென்றால் அதைக் கெடுப்பது பாட்டு அல்ல, காற்றிலுள்ள ஈரம். வடகீழ்ப் பருவ மழையில் மாதக்கணக்காகச் சுவரே வியர்த்துக் கிடக்கும் ஊர் இது. ஐரோப்பாவில் இருபது வருடம் தாக்குப்பிடிக்கும் நுரை இங்கே அவ்வளவு காலம் இருக்குமென எதிர்பார்க்க முடியாது.

கல்லடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மத்திய கிழக்கில் வேலைசெய்த அவருடைய தம்பி எண்பதுகளில் அனுப்பியவை. "தம்பி, எறிய மனம் வரவில்லை. புதுக் கூம்பு போட முடியுமா என்று பாருங்கள்" என்றார். "சேர், கூம்புக்கு ஒன்றுமில்லை. விளிம்புதான் போயிருக்கிறது" என்று சொல்லி நுரையை விரலால் தொட்டுக் காட்டினேன். தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல அது அப்படியே உதிர்ந்தது. பல்மானியில் சுருளின் தடையை அளந்தோம்: ஆறு ஓமுக்குச் சற்று மேல். எட்டு ஓம் என்று எழுதிய ஒலிபெருக்கி நேர் மின்னோட்டத்தில் ஐந்தரை முதல் ஏழு வரை காட்டினால் சுருள் உயிரோடிருக்கிறது. பிறகு கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளி, காதைக் கிட்டக் கொண்டுபோனோம். ஒரு பக்கத்தில் உராயும் சத்தம் கேட்டது. அவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த கரகரப்பு அதுதான்.

அந்த உராய்வு எங்கிருந்து வருகிறது? சுருள் நிற்கும் காந்த இடைவெளி மிக ஒடுக்கமானது. சுருளுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரின் சில பத்தில் பங்குகளே வெளி. சுருளை நடுவில் பிடித்துவைப்பவை இரண்டு: கழுத்தருகே இருக்கும் நெளிநெளியான துணித்தட்டு ஒன்று, வெளிவிளிம்பில் நுரை வளையம் மற்றொன்று. வளையம் ஒரு பக்கம் கிழிந்தால் கூம்பு சாயும். சுருள் இரும்பில் உரசும். அந்த நிலையில் தொடர்ந்து பாடவிட்டால் சுருளின் பூச்சு தேய்ந்து, சிறு வேலையாக இருந்தது முழு ஒலிபெருக்கியையும் தின்றுவிடும். ஆகவே வளையம் கிழிந்ததைக் கண்டவுடன் இயக்குவதை நிறுத்துங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன்.

புது வளையம் ஒட்டும் வேலையில் பொறுமை முழுவதும் பழையதை நீக்குவதற்கே தேவை. ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் நனைத்த துணியால் பழைய பசையை இளக்கி, மழுங்கிய கத்தியால் சுரண்ட வேண்டும். காகிதக் கூம்பின் விளிம்பு அப்போது மிக மெதுவாக இருக்கும், அவசரப்பட்டால் கிழியும். பிறகு நடுவிலுள்ள தூசு மூடியை வெட்டியெடுத்தால் சுருளின் உட்புறமும் இரும்புத் துருவமும் தெரியும். அந்த வெளிக்குள் பழைய எக்ஸ்ரே படத்தை ஒடுக்கமான கீற்றுகளாக வெட்டி நாலு பக்கமும் செருகுவேன். அதன் தடிப்பு பெரும்பாலான சுருள்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். கீற்றுகள் சுருளை நட்ட நடுவில் பிடித்திருக்கும்போது வளையத்தை முதலில் கூம்போடும், அது காய்ந்த பின் சட்டத்தோடும் ஒட்ட வேண்டும். காகிதக் கூம்புக்குத் தச்சர்கள் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். பொலிபுரோப்பிலீன் கூம்பில் அந்தப் பசை பிடிக்காது. அதற்குரிய பசையைத் தேடித்தான் வாங்க வேண்டும். இந்த வேலைக்கு வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களே ஏற்றவை. மார்கழி ஈரத்தில் வெள்ளைப் பசை காய்வதற்கு எடுக்கும் நேரம் பெரும் தொல்லை.

ஆசிரியரும் கேட்டார், எல்லாரும் கேட்பார்கள்: நுரைக்குப் பதிலாக இறப்பர் வளையம் போட்டால் என்ன, ஆயுள் கூடுமே? கூடும். ஆனால் இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். கூம்பும் சுருளும் ஒரு திணிவு. வளையமும் துணித்தட்டும் ஒரு வில். அவை இயல்பாக ஊசலாடும் மீடிறன், அதாவது நொடிக்கு எத்தனை தடவை என்பது, வில்லின் விறைப்பைத் திணிவால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்த மீடிறனுக்குக் கீழே ஒலிபெருக்கியின் ஓசை சரியத் தொடங்கும். இறப்பர் வளையத்தால் விறைப்பு இரண்டு மடங்கானால், 40 ஹேர்ட்ஸில் (நொடிக்கு 40 தடவை) இருந்த எல்லை ஏறத்தாழ 57 ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும். கீழே போன அந்த ஒலியை எந்த அம்பிளிபையராலும் சுத்தமாக மீட்டெடுக்க இயலாது.

எல்லாப் பெட்டிக்கும் இந்தப் பாதிப்பு ஒரே அளவில் வராது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் ஏ.ஆர் என்ற பெயரில் முற்றாக அடைத்த சிறிய பெட்டி ஒன்றை அறிமுகப்படுத்தினார். கூம்பின் வில்லை வேண்டுமென்றே மிகத் தளர்வாக்கி, பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே முக்கிய வில்லாக வேலைசெய்ய வைத்தார். காற்று எந்தத் துணியையும் நுரையையும்விட ஒழுங்கான வில். இத்தகைய பெட்டியில் காற்றின் விறைப்பு வளையத்தினதைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் விறைப்பு இரட்டித்தாலும் மொத்தம் நாலு பங்கிலிருந்து ஐந்து பங்குக்கே கூடுகிறது. மீடிறன் ஏறுவது 12 வீதம் மட்டும். அடைத்த பெட்டி வளைய மாற்றத்தை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். முன்புறத்தில் குழாய்த் துவாரம் உள்ள பெட்டிகள் அப்படியல்ல. அவற்றில் கூம்பின் விறைப்பு, பெட்டியின் கனவளவு, குழாயின் நீளம் மூன்றும் ஒன்றையொன்று கணக்கிட்டு வைத்தவை. ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இலும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மோல் எழுபதுகளிலும் அந்தக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். எனவே வளையம் வாங்கும்போது நீடித்து உழைக்குமா என்று கேட்பதற்கு முன், அதே மாதிரிக்குரிய அளவும் மென்மையும் கொண்டதா என்று கேளுங்கள். எதைப் போடுவது என்று தெரியாவிட்டால் நுரையே போடுங்கள். அது மறுபடி சிதையும்போது மறுபடி மாற்றலாம்.

குழாய் உள்ள பெட்டியை வாங்கினால் குழாய்க்குள் மின்விளக்கு அடித்துப் பாருங்கள். மண்கூடு கட்டும் குளவிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கூடு குழாயை அடைத்தால் பெட்டியின் முழுக் கணக்கும் மாறிவிடும். 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்த பெட்டிகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அடிப்பலகை உப்பியிருந்தால் அழுத்திய மரத்தூள் உள்ளே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒலிபெருக்கிகளைக் கழற்றிக்கொண்டு பெட்டியை உள்ளளவு மாறாமல் புதிதாகச் செய்வதே நல்லது.

அடுத்தது கொள்ளளவி. பெரிய கூம்பு வேகமாக அசையாது, உச்ச ஒலிக்கான சிறிய ஒலிபெருக்கியோ ஆழமான ஒலியைத் தாங்காது. இருவருக்கும் உரியதைப் பிரித்துக் கொடுப்பது பின்பலகையிலுள்ள சுற்று. மிக எளிய சுற்றில், சிறிய ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு கொள்ளளவி மட்டும் இருக்கும். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 6.8 மைக்ரோஃபரட் கொள்ளளவி போட்டால் ஏறத்தாழ 2,900 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்டவையே தாராளமாகச் செல்லும். மலிவு கருதி அக்காலத்தில் பெரும்பாலும் திரவ மின்பகுபொருள் உள்ள வகையையே போட்டார்கள். அந்தத் திரவம் ஆண்டுகள் போகப் போக உலர்கிறது. கொள்ளளவம் பாதியாகக் குறைந்தால் எல்லை 5,800 ஹேர்ட்ஸுக்கு மேல் ஓடிவிடும். நடுவிலுள்ள ஒலிகள் மெலிந்துவிடும். நாதஸ்வரத்தின் கூர்மையும், பேச்சில் 'ச', 'ஷ' ஒலிகளின் தெளிவும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கின்றன. உட்தடையும் கூடுகிறது. இரண்டு ஓம் கூடினாலே உச்ச ஒலி இரண்டு டெசிபல் அளவு குறையும். பெட்டிக்குப் போர்வை போர்த்தியது போல் கேட்கிறது என்று பலர் சொல்வது இதைத்தான்.

மாற்றாகப் பொலிபுரோப்பிலீன் படலக் கொள்ளளவி போடலாம். உலர அதில் திரவமே இல்லை. பணத்துக்கு உண்மையாகவே பயன் தரும் தரமுயர்த்தல் இது ஒன்று. ஒரு நுணுக்கம் மட்டும்: படலக் கொள்ளளவியின் உட்தடை மிகக் குறைவு. பழையது புதிதாக இருந்தபோதும் அதற்குச் சிறிது உட்தடை இருந்தது, வடிவமைத்தவர் அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒலியை அமைத்தார். மாற்றிய பின் உச்ச ஒலி காதைக் குத்தினால் தொடரில் அரை ஓம் அல்லது ஒரு ஓம் தடையியைச் சேருங்கள், சரியாகிவிடும்.

தடித்த வெள்ளிக் கம்பி, தங்கப்பூச்சு முனை என்று பணத்தைக் கொட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உப்புக் காற்றில் பச்சை பிடித்த பழைய செம்புமுனையை வெட்டிப் புதிதாக ஈயம் பற்றவைப்பதே போதும்.

எல்லாம் முடிந்ததும் 1.5 வோல்ற்று மின்கலம் ஒன்றை நேர்முனையோடு நேர்முனையாக ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டிகளிலும் கூம்பு ஒரே பக்கம் அசைய வேண்டும். பழைய ஜே.பி.எல் ஒலிபெருக்கிகள் சிலவற்றில் நேர்முனையில் தொட்டால் கூம்பு உள்ளே போகும். அது பிழையல்ல, அவை அப்படிச் செய்யப்பட்டவை. ஒன்று முன்னேயும் மற்றது பின்னேயும் போனால் ஆழமான ஒலி அறையின் நடுவில் அழிந்துவிடும். பிறகு வானொலிச் செய்தியை இரண்டு பெட்டிகளிலும் ஒரே ஒலியாக வைத்து, இரண்டுக்கும் நடுவே உட்காருங்கள். வாசிப்பவரின் குரல் இரு பெட்டிகளுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்திலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பெட்டியின் கொள்ளளவியையும் இணைப்புகளையும் இன்னொரு தரம் அளந்து பாருங்கள்.