ஐந்து சுற்றுக்கு ஒரு டிக்

கோவையிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். எட்டு வருடம் ஓடிய சின்ன கார். கோத்தகிரி இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறியதால், முன் சக்கரங்களோடு சுழலும் பிரேக் தட்டுகளான டிஸ்க் இரண்டையும் லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி, அவற்றைக் கவ்வும் புது பேடும் போட்டிருக்கிறார். உதறல் நின்றுவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பிரேக்கை லேசாகத் தொட்டாலே முன்பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளிப் போனதும் மறுபடி 'டிக்'. மெக்கானிக் இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாகிவிட்டது. இதற்கு அறிவியலில் பதில் உண்டா என்று கேட்டிருந்தார்.

உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பதில்களில் ஒன்று அது. ஆனால் அதற்கு முன் அவரிடம் ஒரு வேலை சொன்னேன்: சத்தத்தை எண்ணுங்கள்.

டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, காலி மைதானத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டபடி நடை வேகத்தில் ஓட்ட வேண்டும். கூடவே ஒருவர் நடந்து வந்து, கோடு எத்தனை முறை சுற்றினால் ஒரு டிக் கேட்கிறது என்று கணக்கு வைக்க வேண்டும். சிறிய காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் ஓடும் என்பதால் நடந்துகொண்டே எண்ணிவிடலாம். சுற்றுக்கு ஒரு டிக் என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றில்தான் கோளாறு. டயர் பள்ளத்தில் சிக்கிய கல், டிஸ்க்கில் விரிசல், இறுக்கம் தளர்ந்த வீல் நட்டு. கடைசி இரண்டில் எது என்றாலும் வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'டக் டக்' என்று வந்தால் அது ஆக்சில் ஜாயின்ட். பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அவருடைய மகள்தான் கூட நடந்து எண்ணியிருக்கிறாள். சுமார் ஐந்து சுற்றுக்கு ஒரு டிக். படித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டிஸ்க் பிரேக் வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரியும். பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தம், டிஸ்க்கின் மேல் கிடுக்கி மாதிரி உட்கார்ந்திருக்கும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும்; இரண்டு பேடுகள் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும்; ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகும். 1000 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் ஏறக்குறைய 1.39 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 33 டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம் அது.

இவ்வளவு சூடாகும் இடத்தில் பேடை இறுக்கமாகப் பொருத்த முடியாது. இரும்பு விரியும், பேடு சிக்கிக்கொள்ளும், காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பேடின் இரு முனையிலும் உள்ள காதுகளை, அவை உட்காரும் பிராக்கெட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டே பொருத்துகிறார்கள். நம் மெக்கானிக்குகள் இதை 'ப்ளே' என்பார்கள். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகர்ந்து முதல் பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு 'டக்' கேட்கிறதா? டிஸ்க் இழுத்த திசைக்கு பேடு நகர்ந்து எதிர்ச்சுவரில் மோதும் சத்தம் அது. பேடைப் பிடித்திருக்கும் க்ளிப் தளர்ந்திருந்தால் பலமாகவே கேட்கும்.

இந்த ப்ளே பேடு முன்னும் பின்னும் நகர மட்டும் இடம் தருவதில்லை. டிஸ்க்கின் மையத்தை நோக்கியும் விளிம்பை நோக்கியும்கூட பேடு துளி அசையலாம். வாசகரின் டிக் பிறந்த இடம் இதுதான்.

லேத்தில் டிஸ்க் சுழல்கிறது. கூரான உளி உள்ளிருந்து வெளியே மிக மெதுவாக நகர்ந்தபடி சீவுகிறது. முடிந்ததும் டிஸ்க் கண்ணாடி மாதிரி மின்னும். ஆனால் உளி விட்டுச் சென்றது வட்டங்களை இல்லை, ஒரே ஒரு நீளமான சுருள் கோட்டை. கிராமபோன் தட்டில் இருக்கிற மாதிரியே. பேடு உரசும் பட்டை 40 மில்லிமீட்டர் அகலம், உளி சுற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தது என்று வையுங்கள். மொத்தம் 400 சுற்றுகள். பட்டையின் நடுவில் ஆரம் 100 மில்லிமீட்டர் என்றால், அந்தக் கோட்டைப் பிரித்து நீட்டினால் 250 மீட்டர்! உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் இரும்புப் பட்டையில் கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை ஓடுகிறது.

இந்தப் பாதையில் புது பேடு உட்கார்கிறது. பேடின் முகம் இரும்பைவிட மென்மையானது. கோட்டின் மேடு பள்ளம் அதில் பதிகிறது. போல்ட்டில் நட்டு ஏறுவது மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் பேடு 0.1 மில்லிமீட்டர் ஓரமாக நகர்ந்துகொண்டே போகிறது. ப்ளே அரை மில்லிமீட்டர் இருந்தால் ஐந்தாவது சுற்றில் இடம் தீர்ந்துவிடும். காது பிராக்கெட்டில் முட்டும். அதற்கு மேல் தாங்காமல் பேடு பள்ளத்திலிருந்து எகிறி, க்ளிப்பின் தள்ளலில் பழைய இடத்துக்கே வந்து விழும். டிக். பிறகு மறுபடி முதலிலிருந்து பயணம். பிரேக்கை அழுத்தி மிதித்தால் பேடின் காது பிராக்கெட்டோடு இறுகிவிடுவதால் இந்த நகர்வு நடக்காது. லேசாகத் தொடும்போதுதான் அதற்குச் சுதந்திரம். மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது எதுவும் தெரியாமல் போனதும் இதனால்தான். எந்தப் பாகத்திலும் பழுது இல்லை. முடி மாதிரி மெல்லிய ஒரு கோட்டின் திசைதான் காரணம்.

இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் இவ்வளவு கதை இருக்கிறது. ஆனாலும் உராய்வு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் எளிதில் கிடைப்பதில்லை. 1966இல் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டன் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. உராய்வையும் தேய்மானத்தையும் உயவையும் (எண்ணெய், கிரீஸ் இடுவதையும்) சரியாகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்றது அந்தக் கணக்கு. உராய்வியல் ஒரு தனித்துறையாக எழுந்து நின்றதே அதற்குப் பிறகுதான். நம் பொறியியல் கல்லூரி ஒவ்வொன்றிலும் இதற்கு ஒரு நல்ல ஆய்வகம் வேண்டும் என்பது என் ஆசை. மலைப்பாதைகளும் பேருந்துகளும் இவ்வளவு இருக்கிற ஊரில் அது ஆடம்பரச் செலவாகாது.

எலுமிச்சம்பழத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டிக்குப் பூஜை போடுவது அவரவர் மனநிறைவு. ஆனால் பிரேக்கில் வருகிற சத்தத்தைத் திருஷ்டி என்று சொல்லி அதோடு விட்டுவிடுவது உயிரோடு விளையாடுவது. இந்த முறை சத்தம் ஆபத்தில்லாததாக அமைந்தது. இதே சத்தம் தளர்ந்த நட்டிலிருந்தும் வந்திருக்கலாம்.

சரி, தீர்வு? உப்புத்தாள்தான். 120 அல்லது 150 எண் தாளை ஒரு தட்டையான கட்டையில் சுற்றி, லேத்தில் டிஸ்க் சுழலும்போது இரு முகத்திலும் தலா ஒரு நிமிடம் உள்ளும் புறமுமாகத் தேய்த்தால் போதும். சுருள் கோடு உடைந்து, திசையே இல்லாத கீறல்களாகிவிடும். அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். இரும்புத் தூள் பேடில் ஏறக்கூடாது. பேடின் முகத்தையும் லேசாகத் தேய்த்து, பதிந்த தடத்தை எடுத்துவிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஓட ஓடக் கோடு தேய்ந்து சத்தம் தானாகவே மறையும்.

அவர் மறுபடி பட்டறைக்குப் போய் இதைச் செய்துவிட்டார். இப்போது சத்தம் இல்லையாம். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனையும் பார்த்துவரச் சொல்லியிருந்தேன். சீவியதில் அந்த எல்லைக்கு இன்னும் 0.3 மில்லிமீட்டர்தான் பாக்கி. அடுத்த முறை உதறினால் புது டிஸ்க் போட்டுவிடுங்கள் என்று பதில் எழுதியிருக்கிறேன்.