எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முன் காதை வைத்துக் கேளுங்கள்

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஓர் அக்கா லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "தம்பி, இது திறக்கவே கால் மணி நேரம் ஆகுது. எஸ்எஸ்டி போட்டா பறக்கும்னு மகன் சொல்றான். போட்டுக் குடுங்க" என்றார். ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டில் தரவைச் சேமிக்கும். எஸ்எஸ்டி அதற்குப் பதிலாகப் போடுவது, சுழலும் பாகம் இல்லாமல் சிப்பில் சேமிக்கும். அக்காவின் லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. சார்ஜரை உருவினால் அந்த நொடியே அணைந்துவிடும்.

ஆன் செய்து, அடிப்பக்கத்தில் காதை வைத்தேன். டிக்... டிக்... டிக். உடனே அணைத்துவிட்டேன்.

ஹார்ட் டிஸ்க்கின் ஹெட், அதாவது தட்டைப் படிக்கும் முனை, தடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும்போது வரும் சத்தம் அது. அதற்குமேல் ஓடவிட்ட ஒவ்வொரு நிமிடமும் தட்டில் கீறல் விழலாம். 2023ல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டர்பனில் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். பேட்டரி இல்லாத லேப்டாப்புகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. அப்போது கெட்ட டிஸ்க்குகள் இன்னும் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

"உள்ளே என்னக்கா இருக்கு?" என்று கேட்டேன். கரும்புத் தோட்டத்துக்கு வந்த பாட்டனாரின் கப்பல் பதிவு, ஸ்கேன் செய்தது. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் தீமிதியில் மகன் இறங்கிய வீடியோ. கப்பல் பதிவை ஆவணக் காப்பகத்தில் மறுபடி கேட்டு வாங்கலாம். அந்த வீடியோ வேறு எங்கும் இல்லை.

பலர் செய்யும் தவறு இங்கேதான். எஸ்எஸ்டியை வாங்கியதும் நேரே குளோன் போட்டுவிடுகிறார்கள், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே முழுதாக நகலெடுக்கிறார்கள். குளோன் மென்பொருள் டிஸ்க்கை முதலிலிருந்து வரிசையாகப் படிக்கும். கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். விண்டோஸ் பாதி வந்திருக்கும்போதே டிஸ்க் செத்துப்போகும். படங்களை முதலில் வெளியே எடுங்கள். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். டிக் சத்தம் வந்தால் படங்களை எடுக்கவும் நீங்களே முயல வேண்டாம், தரவு மீட்பவரிடம் கொடுங்கள். அக்காவின் டிஸ்க்கை அப்படித்தான் அனுப்பினேன். செலவு லேப்டாப்பின் விலையைத் தாண்டியது. வீடியோ கிடைத்தது.

சத்தமில்லாத நல்ல டிஸ்க் என்றால் தாராளமாக மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒரு கோப்பைத் தேட 10 மில்லி விநாடிக்கு மேல் எடுக்கும், எஸ்எஸ்டிக்கு 0.1 போதும். பழைய லேப்டாப்புக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. பெரும்பாலானவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும், ஆனால் எம்.2 என்ற சிறு அட்டை வகை எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

அப்புறம் ஒன்று. எஸ்எஸ்டி டிக் என்று எச்சரிக்காது. ஒரு நாள் காலையில் பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில், அதன் பெயரே வராது. அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்யும் ட்ரிம் என்ற வசதி அதைத் துடைத்துவிட்டால் மீட்பவராலும் பெரும்பாலும் கொண்டுவர முடியாது. அதனால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல், மாற்றிய தேதியை மேலே எழுதி, இரண்டு மூன்று மாதமாவது அலமாரியில் வையுங்கள். ஏதாவது ஒரு கோப்பை விட்டுவிட்டோம் என்று தெரிய அத்தனை நாள் ஆகும்.