அமேசான்: சொல் வந்த வழியும் நம்மூர் அல்லியும்

சென்னையில் ‘அமேசான்’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஓ.எம்.ஆரில் சந்து சந்தாகப் புகுந்து போகும் டெலிவரி வண்டிதான். அந்த நிறுவனம் 1994-இல் தொடங்கியபோது ‘கடாப்ரா’ என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலத்தில் பிணத்தைச் சொல்கிற மாதிரி காதில் விழுகிறது என்று அதை மாற்றி, பெரிய ஆறு ஒன்றின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். சரி, ஆற்றுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்பானியர்களை எதிர்த்துப் போரிட்ட பெண்களிடமிருந்து.

1541-இல் ஸ்பானியத் தளபதி கோன்சாலோ பிசாரோ, தென் அமெரிக்காவில் இன்றைய எக்வடோரில் இருக்கும் கீட்டோவிலிருந்து ஒரு பெரும் படையோடு கிளம்பினான். தேடிப் போனது தங்கத்தையும் இலவங்கப்பட்டையையும். ஆமாம், நாம் பிரியாணியில் போடும் பட்டைக்காகத்தான். காட்டுக்குள் உணவு தீர்ந்தது. சாப்பாடு தேடி வருகிறேன் என்று ஐம்பது சொச்சம் பேரோடு ஆற்றில் இறங்கிப் போன அவனுடைய துணைத் தளபதி பிரான்சிஸ்கோ தெ ஒரெல்லானா திரும்பி வரவே இல்லை. நீரோட்டத்தோடு போய் 1542 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலைத் தொட்டான். வழியில் ஊர் ஊராகக் கொள்ளையும் சண்டையும்.

அந்த ஆண்டு ஜூன் 24. இன்றைய பிரேசிலில் நமுண்டா ஆறு வந்து கலக்கும் பக்கம் நடந்த சண்டையைக் கூடப் போன பாதிரியார் கஸ்பர் தெ கார்வஹால் எழுதி வைத்திருக்கிறார். முன்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்று போரிட்டதைத் தாமே பார்த்ததாகச் சொல்கிறார். நல்ல உயரம், நீண்ட கூந்தலைப் பின்னித் தலையில் சுற்றியிருந்தார்கள், கையில் வில். ஒருத்தி பத்து ஆண்களுக்குச் சமமாகப் போரிட்டாளாம். பின்வாங்கிய ஆண்களை அவர்களே தடியால் அடித்துப் போட்டார்களாம். அம்பு தைத்த படகுகள் முள்ளம்பன்றி மாதிரி இருந்தன என்பதும் அவர் எழுதியதுதான். அந்தப் பயணத்தில் அவருக்கே அம்பு பாய்ந்து ஒரு கண் போனது.

பிறகு பிடிபட்ட ஒருவனை ஒரெல்லானா விசாரித்தான். தானே போகிற போக்கில் சேர்த்து வைத்திருந்த சொற்பட்டியலை வைத்துக்கொண்டுதான் விசாரணை! அதில் கிடைத்த செய்தி: அந்தப் பெண்களுக்குக் கணவர்கள் கிடையாது, ஊர்கள் முழுக்கப் பெண்கள், கொனோரி என்பவள் தலைவி, ஆண்டில் சில காலம் அண்டை நாட்டு ஆண்களைக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் கிரேக்கக் கதையில் அமேசான்கள் என்ற போர்ப்பெண்களைப் பற்றி ஏற்கெனவே இருப்பது. அதனால்தான் ஆற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. படித்த கதையைக் கேள்வியாகக் கேட்டு, பதிலாகவும் வாங்கிக்கொண்டார்கள் என்பதே என் எண்ணம். ஆனால் முன்வரிசையில் பெண்கள் நின்றதையே பொய் என்று தள்ளிவிட முடியாது. சுமார் 200 ஆண்டு கழித்து, 1743-இல், பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமின் அதே ஆற்றில் போனபோதும் ‘கணவர் இல்லாத பெண்கள்’ என்று உள்ளூர் மொழியில் சொல்லக் கேட்டார். பிரேசிலில் இவர்களை இகமியாபா என்பார்கள். நிலவொளியில் ஏரியில் மூழ்கி அடியிலிருந்து பச்சைக் களிமண் எடுத்து, தவளை உருவில் தாயத்து செய்து தங்களைத் தேடி வந்த ஆண்களுக்குக் கொடுப்பார்கள் என்பது கதை. அப்படிப் பச்சைக் கல்லில் செதுக்கிய தவளைகள் அங்கே நிஜமாகவே கிடைத்திருக்கின்றன.

இனி கிரேக்கம். ஹோமரின் இலியட்டிலேயே அமேசான்கள் ‘ஆண்களுக்கு நிகரானவர்கள்’. ‘அ’ என்றால் இல்லாமை, ‘மசோஸ்’ என்றால் மார்பு. வில் வளைக்க இடைஞ்சல் என்று ஒரு மார்பை அறுத்துக்கொண்டவர்கள் என்று பின்னாளில் பொருள் சொன்னார்கள். இது காதில் விழுந்த ஒலிக்குக் கட்டிய கதை. கிரேக்கர்களின் சொந்தச் சிற்பங்களில் அவர்களுக்கு இரண்டு மார்பும் இருக்கின்றன. போர்வீரரைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல் ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்போரும் உண்டு. கருங்கடலுக்கு வடக்கே, குதிரைமேல் திரிந்த சிதியர் என்ற பழங்குடிகளின் கல்லறைகளில் ஆயுதங்களோடு புதைத்த பெண்களின் எலும்புகள் கிடைப்பதால், கதைக்கு அடியில் ஏதோ உண்மை இருக்கிறது.

தமிழில் இதற்கு நேரான ஆள் அல்லி அரசாணி. புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் அல்லியரசாணி மாலையைச் சென்னையில் பெரிய எழுத்துப் புத்தகமாகப் போட்டுப் போட்டு விற்றார்கள். மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண் வாடையே ஆகாது. காவல், அமைச்சு, படை எல்லாமே பெண்கள். அர்ச்சுனன் நேர்வழியில் வெல்ல முடியாமல், கண்ணன் துணையோடு பாம்பாக உள்ளே நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். கிரேக்கக் கதைகளிலும் இதே ஏற்பாடுதான்: அமேசான் அரசியின் இடைக்கச்சையைப் பறிக்க ஒருவன் வருவான், இன்னொருவன் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போவான். பிறகு அந்த அல்லி நம் பேச்சில் கேலியாகிவிட்டாள். திருவல்லிக்கேணியில் பெண்கள் விடுதி இருக்கும் தெருவில் யாராவது ‘அங்கே ஒரே அல்லி ராஜ்யம்’ என்பார்கள், ஆபீசில் மேலாளர் பெண்ணாக இருந்தால் ‘அல்லி தர்பார்’.

அதனால் போராடிய உண்மைப் பெண்களை ‘அல்லி’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘மறத்தி’ நல்ல பழஞ்சொல், மறம் என்றால் வீரம். ஆனால் இன்று அதைக் கேட்டவுடன் சாதிதான் நினைவுக்கு வரும். ‘வீராங்கனை’ வடமொழி வரவு. விளையாட்டுப் பக்கம் அதை முழுசாக எடுத்துக்கொண்டது, சதுரங்கம் ஆடுகிறவரும் வீராங்கனைதான். கூட்டமாகச் சொல்வதென்றால் ‘பெண்படை’ என்பதே போதும், யாருக்கும் புரியும்.

அதைவிட, அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் கிடைத்தால் அதையே எழுதலாம். 1890-களில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த, மேற்கு ஆப்பிரிக்காவின் டகோமி நாட்டுப் பெண்படையை ஐரோப்பியர் ‘அமேசான்’ என்றே எழுதினார்கள். ஊர்க்காரர்கள் சொன்னது ‘மினோ’, ‘எங்கள் தாய்மார்’. சிவகங்கையிலும் அப்படித்தான். 1772-இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றது, சென்னைக் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினியும் சேப்பாக்கத்தில் இருந்த ஆற்காட்டு நவாப்பும் சேர்ந்து அனுப்பிய படை. அவர் மனைவி வேலுநாச்சியார் போன திசையைச் சொல்ல மறுத்து வெட்டுப்பட்டவள் உடையாள் என்று சொல்வார்கள். 1780-இல் நாச்சியார் சீமையை மீட்டபோது கூட வந்த பெண்படைக்கு அவள் பெயரையே வைத்தார்கள்: உடையாள் படை. இதைத் ‘தமிழ்நாட்டு அமேசான்கள்’ என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல்தான் வருகிறது.