மாட்டுக்குப் போடும் வலி ஊசியும் பாறுக் கழுகும்

காட்டுயிர்ப் பாதுகாப்பு வனத்துறையின் வேலை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். இறந்த விலங்குகளைத் தின்று வாழும் பாறுக் கழுகு, அதாவது பிணந்தின்னிக் கழுகு விஷயத்தில் அந்த எண்ணம் பொருந்தாது. இந்தியாவில் அந்தப் பறவை பிழைக்குமா மறையுமா என்பது மாட்டுத் தொழுவத்தில்தான் முடிவாகிறது. கால்நடை மருத்துவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு எங்கள் தொழிலுக்கு உண்டு என்று நம்புகிறேன்.

1980-களில் உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் இருந்த பெரிய இரைகொல்லிப் பறவையாக வெண்முதுகுப் பாறுவைச் சொல்வார்கள். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் அவற்றில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் எஞ்சியது. கருங்கழுத்துப் பாறுவும் அதன் நெருங்கிய உறவான மெல்லிய அலகுப் பாறுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்ற அளவில் அழிந்தன. காடு அப்படியே இருக்க, இரை அப்படியே இருக்க, பறவை மட்டும் காணாமல் போனது.

முதலில் வைரஸ் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். பாகிஸ்தானில் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வு உண்மையைக் காட்டியது. மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடும் டைக்ளோஃபெனாக்தான் காரணம். ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்தால், மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்னும் பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கிறது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் இதயத்தின் மீதும் ஈரலின் மீதும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிகிறது. கழுத்துத் தொங்கி உட்கார்ந்திருக்கும் பறவை ஓரிரு நாட்களில் இறந்துவிடும்.

ஒரு சடலத்தைக் கூட்டமாக வந்து தின்னும் பறவை இது. அதனால் நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் நஞ்சு இருந்தாலே இவ்வளவு பெரிய அழிவு நேரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை, இனப்பெருக்கம் செய்யவே ஏறக்குறைய ஐந்து வயது ஆக வேண்டும். இழந்ததை ஈடுகட்ட இந்தப் பறவைக்கு வழியே இல்லை.

இதை வெறும் பறவைப் பாசம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாறுகள் போன இடத்தில் சடலங்கள் அழுகின, தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி ஆபத்து கூடியது. 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் பாறுகளின் மறைவால் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என்று 2024-இல் வெளியான பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது.

2006-இல் மத்திய அரசு கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக்கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன. மனிதனுக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி. போதும், 30 மி.லி. குப்பி யாருக்காக என்பது தயாரித்தவர்களுக்கும் தெரியும், விற்றவர்களுக்கும் தெரியும். 2015-இல்தான் ஊசிமருந்தை 3 மி.லி. அளவுக்குக் கட்டுப்படுத்தினார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது.

எனக்குக் கோபம் வருவது இதற்கடுத்த கதையில்தான். கீட்டோபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் பாறுகளைக் கொல்லும் என்பது 2009-இலேயே தெரிந்துவிட்டது. அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். இரண்டையும் தடை செய்ய 2023 வரை ஆனது. நிமெசுலைடு என்ற மற்றொரு வலி மருந்தின் தடை மேலும் ஓராண்டு காத்திருந்தது. பறவை இறந்தபின் மருந்தைத் தடுப்பதே நம் வழக்கமாகிவிட்டது. கால்நடைக்கான எந்த வலிநிவாரணியையும், பாறுகளுக்குத் தீங்கில்லை என்று நிரூபித்த பிறகே சந்தைக்கு விட வேண்டும்.

மாற்று இல்லாமல் இல்லை. மெலாக்சிகம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்பது 2006-இலேயே உறுதியானது. டோல்ஃபினாமிக் அமிலமும் பாதுகாப்பானதே. மடிவீக்கம், கால் வீக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நான் எழுதுவது மெலாக்சிகம்தான். "மாடு உடனே எழுந்து நிற்க வேண்டும் டாக்டர், பழைய ஊசியே போடுங்கள்" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கறவை மாடு படுத்தால் குடும்பத்தின் வருமானமே படுத்துவிடும்; அந்தப் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. மெலாக்சிகத்தின் பலன் மாட்டின் உடலில் நெடுநேரம் நிற்கும் என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். சிக்கல், படிக்காமல் ஊசி போடுபவர்களிடமும் சீட்டு இல்லாமல் மருந்து கொடுக்கும் கடைகளிடமும்தான்.

தமிழ்நாட்டில் பாறுகள் எஞ்சியிருப்பது முதன்மையாக நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில். சிறியூர்ப் பக்கம் ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் கணக்கெடுக்கின்றன. எண்ணிக்கை மெல்லக் கூடிவருகிறது. ஹரியானாவின் பிஞ்சூர் இனப்பெருக்க மையத்தில் வளர்த்த பறவைகளையும் வெளியே விடத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு பாறு இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். இந்த மருந்துகள் இல்லாத பகுதியாகக் காக்க வேண்டிய பாறு பாதுகாப்பு மண்டலத்தை நூறு கிலோமீட்டர் ஆரத்துக்கு வகுப்பது அதனால்தான். மாயாற்றிலிருந்து அந்தத் தொலைவை அளந்தால் கோவை, மைசூரு, வயநாடு என்று பால் கறக்கும் ஊர்களெல்லாம் உள்ளே வந்துவிடும். காட்டைக் கண்ணாலேயே பார்க்காத மருந்துக் கடைக்காரரும் அதற்குள்தான் இருக்கிறார்.

மாடு வளர்ப்பவர்கள் ஊசி போடுபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள், குப்பியை வாங்கிப் படியுங்கள். சிகிச்சையில் இருந்த மாடு இறந்துவிட்டால் திறந்த வெளியில் போடாமல் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், கோபத்தில் அந்தச் சடலத்தில் விஷம் வைக்காதீர்கள். அதைத் தின்ன முதலில் இறங்குவது பாறுகளாகவே இருக்கும். இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள். அதற்குத் தேவையான சான்றிதழைத் தாமதமின்றித் தருவது எங்கள் கடமை.