செண்டு டேலியா

ஆங்கிலத்தில் ball dahlia என்னும் பூவின் பெயரை அப்படியே ‘பால் டேலியா’ என்று தமிழில் எழுதினால் படிப்பவர் வெள்ளைப் பூவைத்தான் நினைப்பார். பசும்பால், தேங்காய்ப்பால் வரிசையில் இதுவும் ஒன்று போலும் என்று தோன்றும். இலக்கணம் படித்தவருக்கு ஆண்பால், பெண்பால் நினைவுக்கு வந்து தொலைக்கும். இந்தப் ‘பால்’ ஆங்கிலத்தில் பந்தைக் குறிப்பது. பூ மஞ்சளாக இருக்கலாம், அரக்குச் சிவப்பாக இருக்கலாம். உருண்டையாக இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

முதலில் டேலியா. செடியின் தாயகம் மெக்சிகோ. அங்கே ஆஸ்டெக் மக்கள் நவாத்ல் மொழியில் ‘அகோகோட்லி’ என்றார்கள். உள்ளே கூடாக இருக்கும் தண்டை வைத்து வந்த பெயர். மெக்சிகோவிலிருந்து ஸ்பெயினுக்குப் போன செடிக்கு, மாட்ரிட் அரச தாவரவியல் பூங்காவின் கவனில்யெஸ் 1791இல் ‘டாலியா’ என்று பெயரிட்டார். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக வைத்தது அது. டால் 1789இலேயே இறந்துவிட்டார். பின்னர் ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்டெனோவ் இதை ‘ஜார்ஜினா’ என்று மாற்றப் பார்த்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆனாலும் ரஷ்யர்கள் இன்றுவரை இந்தப் பூவைக் ‘கியோர்கின்’ என்றே அழைக்கிறார்கள். மலாய்க்காரர்கள் ‘புங்ஙா டாலியா’ என்பார்கள். புங்ஙா என்றால் மலாயில் பூ. தமிழில் ‘டேலியா’ பரவியது பிரிட்டிஷ் உச்சரிப்பின் வழியே. ஓர் ஆளின் பெயரிலிருந்து வந்த சொல்லைத் தமிழாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. டேலியா டேலியாவாகவே இருக்கட்டும்.

பந்து என்ற பாதிக்குத்தான் தமிழ் தேவை. எல்லா டேலியாவும் பந்து அல்ல. தட்டையாக விரிவதும் உண்டு, முள்போல இதழ் நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. பந்து வகையில் ஒவ்வோர் இதழின் விளிம்பும் உள்நோக்கி வளைந்து, வெற்றிலைச் சுருள்போல நிற்கும், நுனி மழுங்கியிருக்கும். இதழ் என்று நாம் சொல்வது உண்மையில் தனித்தனிச் சிறு பூ. சூரியகாந்திக் குடும்பத்தின் வழக்கம் அது. அந்தச் சுருள்கள் நடுவிலிருந்து திருகு வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்து, கடைசி அடுக்கு பின்புறம் காம்பைத் தொடும் அளவுக்கு மடிந்துவிடும். பூவைத் திருப்பிப் பார்த்தால் பச்சைச் செதில்கள் அநேகமாக மறைந்திருக்கும். அமெரிக்க டேலியா சங்கத்தின் அளவுப்படி மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பந்து. இரண்டுக்கும் மூன்றரைக்கும் இடைப்பட்டால் சிறு பந்து. இரண்டுக்குள் அடங்கினால் பாம்பான். (பாம்பனுக்கும் இதற்கும் உறவில்லை, தொப்பியில் வைக்கும் குஞ்சத்துக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர்.)

‘பந்து டேலியா’ என்று சொன்னாலே போதாதா? போதும், தவறும் இல்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான சொல் ஏற்கெனவே பூக்கடையில் இருக்கிறது: செண்டு. அகராதியில் இதற்குப் பந்து என்றும் பொருள், பூங்கொத்து என்றும் பொருள். குதிரை ஓட்டும் திடலுக்குச் ‘செண்டுவெளி’ என்ற பெயரும் உண்டு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டுபவர்கள் நாள் முழுவதும் கோக்கும் செண்டுமல்லிக்கு அந்தப் பெயர் அதன் உருண்டையால் வந்தது. கன்னடத்தில் செண்டு பந்து, ‘செண்டு ஹூவு’ நம் செண்டுமல்லி. தெலுங்கில் ‘பந்தி’ பந்து, ‘பந்தி பூவு’ அதே பூ. உருண்டைப் பூவைப் பந்தின் பெயரால் அழைப்பது இந்தப் பக்கத்து மொழிகளுக்குப் பழகிய வழி. ஆகவே செண்டு டேலியா. சிறியது சிறுசெண்டு, பாம்பானுக்குக் குஞ்சச் செண்டு.

செண்டுமல்லியோடு குழம்பாதா என்று கேட்பவர் உண்டு. பின்னால் ‘டேலியா’ ஒட்டிக்கொண்டிருக்கும்போது குழப்பம் எங்கிருந்து வரும்? மல்லிகைக்கும் கொத்தமல்லிக்கும் இடையே நாம் தடுமாறுவதில்லையே.

இதோடு சேர்ந்து வரும் இன்னும் இரண்டு சொற்கள். வேலியை ஒட்டியோ நடைபாதை நெடுகவோ போடும் பாத்தி ஓரப்பாத்தி. ஜாடிக்கென்று நீண்ட காம்போடு வெட்டும் பூ கொய்மலர்; வேளாண்மை நூல்களில் ஊன்றிவிட்ட சொல் இது. செண்டு டேலியா இரண்டுக்கும் ஆகும். மூன்று, நான்கு அடி வளரும் என்பதால் ஓரப்பாத்தியில் பின்வரிசை இதற்கு, குச்சி கட்டாயம். நான்கு இணை இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைக்கும். கொய்மலருக்கு வேண்டுமானால் நடுமொட்டை வைத்துக்கொண்டு பக்கத்து இரண்டு மொட்டுகளையும் நீக்கிவிட வேண்டும். பூ அநேகமாக முழுவதும் மலர்ந்த பிறகு, காலையில் வெட்ட வேண்டும். ரோஜாவைப்போல மொட்டாக வெட்டிவந்தால் ஜாடியில் விரியாது.

கோலாலம்பூரில் இது எளிதில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவிலும் இங்கே வெக்கை. மாலை மழையில் தேங்கும் நீர் வேர்க்கிழங்கை அழுகவைத்துவிடும். இன்னொரு சங்கடம் பகலின் நீளம். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம்தான் பகல். டேலியா நீண்ட கோடைப் பகலில் செழிப்பது. பகல் குறுகினால் செடி கிழங்கு வைப்பதில் முனையும், பூவின் நடுவில் மஞ்சள் கண் திறந்துகொள்ளும். கண் திறந்த பூ செண்டு ஆகாது. கேமரன் மலையில் இரவு நேரத்தில் செவ்வந்திக் கூடாரங்களுக்குள் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். பகலை நீட்டிக் காட்டத்தான் அது. டேலியாவுக்கும் அந்த வித்தை பலிக்கும், குளிர்ச்சியும் அங்கே உண்டு. நகரத்தில் வளர்க்க ஆசைப்பட்டால் தொட்டியில், தண்ணீர் நிற்காத மண்ணில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில், மழைக்கு மறைவாக வையுங்கள். சிறுசெண்டு வகையாகத் தேடி வாங்குவது நல்லது. பெரிய பூவின் கனத்தை நம் ஊர் வெயிலில் வளர்ந்த மெலிந்த தண்டு தாங்காது.